கம்பத்துக் காமிரா யாருடைய கண்?

மாதவரம் வட்டாரத்துக் கல்லூரி மாணவர் சிலர் சென்ற வாரம் நமது காரியாலயத்துக்கு வந்திருந்தனர். தெரு முனையிலும், பஸ் நிலையத்திலும், கடை வாசலிலும், ஆலை வாயிலிலும் மாட்டப்பட்டிருக்கும் கண்காணிப்புக் காமிராக்களைப் பற்றி ஒரு டாக்குமெண்டரி படம் எடுக்கப் போவதாகச் சொன்னார்கள். கையில் இரவல் வாங்கிய காமிரா ஒன்று, செல்போன் இரண்டு, நோட்டுப் புத்தகம் ஒன்று. பணம் கிடையாது. “எங்கே ஆரம்பிப்பது? தொழிலாளிகள் எங்களோடு பேச முன்வருவார்களா?” என்று கேட்டனர்.

நாம் மகிழ்ச்சியடைந்தோம். நமது தெருவைப் பற்றி நமது பிள்ளைகளே படம் எடுக்க வருகிறார்கள். இதைவிட வேறென்ன வேண்டும்? ஆனால் அவர்கள் எழுதி வந்த திட்டத்தைப் படித்ததும் ஒரு விஷயத்தை ஒளிக்காமல் சொல்ல வேண்டியதாயிற்று. முதல் ஐந்து நிமிஷமும் வெறும் காமிராக்கள். மூலக்கடையில் ஒரு காமிரா, ரெட்டேரியில் ஒரு காமிரா, பால்பண்ணை வாசலில் ஒரு காமிரா, பின்னணியில் பயமூட்டும் சங்கீதம்! காமிராவைக் காமிராவால் படம் பிடித்தால் என்ன தெரியும்? கம்பத்தின் மேல் ஒரு கறுப்புக் குண்டு தெரியும். பார்க்க வேண்டிய இடம் அதுவல்ல. அந்தக் குண்டிலிருந்து புறப்படும் கம்பி எந்த அறைக்குப் போகிறது, அந்த அறையில் உட்கார்ந்திருப்பவர் யார், பதிவான படத்தை எத்தனை நாள் வைத்திருக்கிறார், யார் கேட்டால் கொடுக்கிறார், யார் கேட்டால் “அழிந்து போயிற்று” என்கிறார் – இதுதான் படம்.

முதலில் எண்ணிக்கையை எடுத்துக்கொள்வோம். சென்னையில் எத்தனை காமிராக்கள்? 2021-ம் ஆண்டு தொடக்கத்தில், இணையப் பாதுகாப்புச் சரக்கு விற்கும் ஒரு வெளிநாட்டுக் கம்பெனி, உலகத்திலேயே காமிரா நெருக்கம் மிகுந்த நகரம் சென்னைதான், சதுர கிலோமீட்டருக்கு 657 காமிராக்கள் இருக்கின்றன என்று பட்டியல் வெளியிட்டது. லண்டனையும் சீனத்து நகரங்களையும் நாம் மிஞ்சி விட்டோமாம்! அதே ஆண்டில் இன்னொரு வெளிநாட்டு ஸ்தாபனம் வெளியிட்ட பட்டியலில் டில்லி முதலிடம், லண்டன் இரண்டாமிடம், சென்னை மூன்றாமிடம். சென்னையில் சதுர மைலுக்கு 610 காமிரா என்று கணக்கு. சதுர மைலைக் கிலோமீட்டராக்கிப் பாருங்கள். சுமார் 235 தான் வருகிறது. ஒரே ஊர், ஒரே ஆண்டு, கணக்கில் ஏறக்குறைய மூன்று மடங்கு வித்தியாசம்! நம்மைப் பார்க்கும் கண்கள் எத்தனை என்பதை நாமறிய யாரும் எண்ணிச் சொல்லவில்லை. ஊரார் தலையை எண்ணுவதற்கு வீடு வீடாக வருகிற சர்க்கார், தன் கண்களை எண்ணி ஒரு பலகையில் எழுதி வைக்கக் கூடாதா?

இந்தக் காமிராக்கள் எப்படி வந்தன? பொதுமக்கள் கூடும் கட்டடங்களில் காமிரா வைப்பது கட்டாயம் என்று மாநில சர்க்கார் 2012-லேயே உத்தரவிட்டது. பின்னர், 2017 முதல் 2020 வரை சென்னைப் போலீஸ் கமிஷனராயிருந்த ஏ.கே. விசுவநாதன் காலத்தில் “மூன்றாவது கண்” என்ற திட்டம் வந்தது. ஐம்பது மீட்டருக்கு ஒரு காமிரா என்பது இலக்கு. பணம்? பெரும் பகுதி சர்க்கார் பணமல்ல. கடைக்காரர், குடியிருப்போர் சங்கம், கம்பெனிகள் ஆகியோர் தலையில் விழுந்தது. அதாவது கண்ணை வாங்கிக் கொடுத்தவர் ஒருவர், அதில் பார்ப்பவர் இன்னொருவர், பார்க்கப்படுபவர் மூன்றாமவர். சட்டசபையில் வரவு செலவுக் கணக்கில் வந்து, விவாதித்து, ஓட்டெடுத்து வைத்திருந்தால் கேள்வி கேட்க ஓர் இடமாவது இருந்திருக்கும். நன்கொடையாக வந்த காமிராவுக்குக் கணக்குக் கேட்பது யாரிடம்? பழுதானால் சரி செய்வது யார்? மாதவரம் ரவுண்டானாவிலிருந்து பால்பண்ணை வரைக்கும் நடந்து போய் ஒவ்வொரு காமிராவாக நோட்டில் குறித்து வாருங்கள், எது உயிரோடிருக்கிறது, எது கம்பி அறுந்து தொங்குகிறது, கடைக்காரரிடம் கேட்டு எழுதுங்கள் என்று மாணவர்களிடம் சொன்னோம். இது புதிய யோசனையல்ல. 1998-ல் நியூயார்க்கில் குடியுரிமைச் சங்கத்தார் மன்ஹாட்டன் தெருக்களில் நடந்தே 2,397 காமிராக்களை எண்ணினார்கள். 2021-ல் நமது அண்டை நகரமான ஹைதராபாத்தில் காலா பத்தர், கிஷன் பாக் என்ற இரண்டு வட்டாரங்களில் தொண்டர்கள் தெருத் தெருவாகக் கணக்கெடுத்து, நிலப்பரப்பில் பாதிக்கு மேல் காமிராவின் பார்வைக்குள் இருக்கிறதென்று வரைபடமே போட்டார்கள். கால் இருந்தால் போதும், காசு வேண்டாம்.

இங்கே தோழர்கள் சிலர் குறுக்கிடுவார்கள்: “காமிரா இருந்தால் நல்லதுதானே? திருடன் பயப்படுவானே?” அலட்சியமாகத் தள்ளிவிடக் கூடிய கேள்வியல்ல இது. மணலிப் பக்கத்து ஆலையில் இரவு ஷிப்ட் முடிந்து, கண்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்கும் இருட்டுச் சாலையில் தனியாக நடந்து வரும் நம் சகோதரியைக் கேளுங்கள். காமிரா வேண்டும் என்றுதான் சொல்வாள். 2016 ஜூன் 24 அன்று காலை நேரத்தில், நுங்கம்பாக்கம் ரயில் நிலையப் பிளாட்பாரத்தில் பலர் பார்த்திருக்க ஓர் இளம் பெண் வெட்டிக் கொல்லப்பட்டாள். அந்த நிலையத்தில் ஒரு காமிராகூட இல்லை. அக்கம் பக்கத்துத் தெருக் காமிராக்களில் பதிவானதை வைத்துத்தான் போலீஸ் துப்புத் துலக்க வேண்டியிருந்தது. டில்லிக் கொடுமைக்குப் பின் ஏற்பட்ட நிர்பயா நிதியிலிருந்து சென்னைக்கும் பாதுகாப்பான நகரத் திட்டம் வந்தது. 2022-ல் நகர பஸ்களில் காமிராவும் அபாயப் பொத்தானும் வைக்க ஆரம்பித்தார்கள். இவற்றை நாம் எதிர்க்கவில்லை.

ஆனால் ஒன்று. காமிரா என்பது நடந்ததைப் பிறகு காட்டும். நடக்கும்போது குறுக்கே வந்து விழாது. பல நாடுகளில் நாற்பதாண்டுக் காலமாக நடந்த ஆராய்ச்சிகளைத் திரட்டி 2019-ல் வெளியான ஒரு கணக்கின்படி, காமிராவினால் வண்டி நிறுத்துமிடத் திருட்டு முதலிய சொத்துக் குற்றங்கள் ஓரளவு குறைகின்றன. அடிதடி, வன்முறைக் குற்றங்களில் சொல்லும்படியான குறைவு இல்லை. ஆகவே அந்தச் சகோதரிக்குக் காமிரா மட்டும் கொடுத்து அனுப்பி விட முடியாது. எரிகிற விளக்கு வேண்டும், நேரத்துக்கு வரும் பஸ் வேண்டும், பிளாட்பாரத்தில் ஆள் வேண்டும். விளக்குப் போடக் காசில்லை, ஆள் வைக்கக் காசில்லை, காமிராவுக்கு மட்டும் காசு வந்து விடுகிறது என்றால் அதற்குக் காரணம் உண்டு. ஆளுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். ஆள் சங்கம் வைப்பான். காமிரா சங்கம் வைக்காது! மாணவர்களே, உங்கள் படத்தில் இந்தச் சகோதரியை விட்டுவிடாதீர்கள். அவள் சொல்வது உங்கள் வாதத்துக்கு எதிராக இருந்தாலும் வெட்டி எறியாதீர்கள்.

இனி, நாம் முக்கியமாகக் கருதும் இடத்துக்கு வருவோம். அது சாத்தான்குளம்.

2020 ஜூன் 19. ஊரடங்குக் காலம். செல்போன் கடை வைத்திருந்த ஜெயராஜ் என்ற பெரியவரையும் அவர் மகன் பென்னிக்சையும் போலீசார் பிடித்துச் சென்றனர். கடையை நேரம் கடந்து திறந்து வைத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. இரவு முழுதும் ஸ்டேஷனில் அடி. மூன்று நாள் கழித்து மகனும், மறுநாள் தந்தையும் இறந்தனர். கடை வாசலில் இருவரும் தரையில் புரண்டு தகராறு செய்ததால் காயம்பட்டதென்று போலீஸ் எழுதி வைத்தது. அப்போது என்ன நடந்தது? பக்கத்துக் கடைக் காமிரா ஒன்று பேசிற்று! பெரியவர் அமைதியாக நடந்து போவதை அது காட்டியது. புரளவும் இல்லை, உருளவும் இல்லை. சரி, ஸ்டேஷனுக்குள் இருந்த காமிராக்கள்? விசாரணைக்குப் போன கோவில்பட்டி மாஜிஸ்திரேட் ஹைகோர்ட்டுக்கு எழுதிய அறிக்கையில் அந்த விவரம் இருக்கிறது. பதிவு செய்யும் பெட்டியில் ஏராளமாக இடம் இருந்தும், அன்றன்றைய படம் அன்றன்றே தானாக அழிந்து போகும்படி வைக்கப்பட்டிருந்தது. சம்பவ நாள் படம் ஒன்றுகூட இல்லை. கடைசியில் உண்மையைச் சொன்னது அன்றிரவு பணியிலிருந்த ஒரு பெண் தலைமைக் காவலர், அதாவது மனிதக் கண்.

இரண்டு காமிராக்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கடைக்காரர் காசில் வாங்கிய காமிரா சாட்சி சொன்னது. போலீசின் காமிரா ஊமையாயிற்று. கோளாறு இயந்திரத்தில் இல்லை, இயந்திரத்தின் பித்தானில் யார் விரல் இருக்கிறது என்பதில் இருக்கிறது. தெருவிலே போகிற நம்முடைய படம் அவர்களிடம் இருக்கிறது. லாக்கப்பிலே நடந்ததன் படம் மட்டும் யாரிடமும் இல்லை.

அதே ஆண்டு டிசம்பர் 2 அன்று சுப்ரீம் கோர்ட், பரம்வீர் சிங் சைனி வழக்கில், நாட்டிலுள்ள ஒவ்வொரு போலீஸ் ஸ்டேஷனிலும் வாசல், லாக்கப், தாழ்வாரம், வரவேற்பிடம் எல்லாவற்றிலும் காமிரா வைக்க வேண்டும், பதிவை 18 மாதம் காக்க வேண்டும், எந்தக் காரணத்தாலும் ஓராண்டுக்குக் குறையக் கூடாது என்று உத்தரவிட்டது. நல்ல உத்தரவு. ஐந்து வருஷம் கழித்து 2025 செப்டம்பரில், ராஜஸ்தானில் சில மாதங்களுக்குள் லாக்கப்பில் பதினொருவர் மாண்டதைப் பத்திரிகையில் படித்து விட்டு, ஸ்டேஷன் காமிராக்கள் ஏன் வேலை செய்யவில்லை என்று அதே கோர்ட் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. ஐம்பது மீட்டருக்கு ஒரு காமிரா வைக்கத் தெரிந்த தேசத்தில் லாக்கப்புக்கு ஒரு காமிரா ஓடவில்லை!

2025 ஜூனில் சிவகங்கை மாவட்டம் மடப்புரம் கோயிலில் காவலாளியாக வேலை பார்த்த அஜித்குமார் என்ற வாலிபர் போலீஸ் விசாரணையில் அடித்துக் கொல்லப்பட்டதும் தோழர்களுக்கு நினைவிருக்கும். அந்த அடியை ஊருக்குக் காட்டியது சர்க்கார் காமிரா அல்ல. மறைவிலிருந்து ஒருவர் செல்போனில் நடுங்கும் கையோடு எடுத்த சில வினாடிப் படம். மாணவர்கள் கையிலிருப்பதும் அதே செல்போன்தான்.

ஆலைக்குள் வருவோம். வடசென்னைத் தொழிலாளிக்கு மேற்பார்வைக் கண் புதிதல்ல. 1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் ஏற்பட்ட காலத்தில் பின்னி மில்லில் மேஸ்திரியின் கண் இருந்தது. யார் யாரோடு பேசுகிறான், யார் சங்கச் சந்தா கட்டுகிறான் என்று அது பார்த்துக்கொண்டே இருந்தது. 1996-ல் மில் மூடப்பட்டது. அங்கே உழைத்த பெரியவர்கள் இன்றும் பெரம்பூரிலும் புளியந்தோப்பிலும் இருக்கிறார்கள். மாணவர்கள் அவர்களிடம் போய் மேஸ்திரியைப் பற்றிக் கேட்க வேண்டும். மேஸ்திரி ஒரு நேரம் தூங்குவான், ஒரு நேரம் மனமிரங்குவான், பொங்கலுக்கு ஒரு படி அரிசி கொடுத்தால் வேறு பக்கம் பார்ப்பான். காமிராவுக்குத் தூக்கமும் இல்லை, இரக்கமும் இல்லை. இயந்திரத்தைப் பாதுகாக்க என்று சொல்லி மாட்டுகிறார்கள். ஆனால் இயந்திரத்தைப் பார்க்காமல் கழிப்பறை வாசலையும் டீக் குடிக்கும் இடத்தையும் பார்க்கும்படி திருப்பி வைக்கிறார்கள். எத்தனை நிமிஷம் போனாய் என்று கேட்க அது உதவுகிறது. கிடங்கில் மூட்டை விழுந்து ஒருவன் காலொடிந்தால் மட்டும் “அன்றைக்குப் பதிவாகவில்லை” என்ற பதில் வருகிறது. இந்தப் பதிலைக் கேட்டிராத தொழிற்சங்கக்காரர் நமது வட்டாரத்தில் உண்டா?

கிராமத்துத் தோழர்களே, இது பட்டணத்து விவகாரம் என்று பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். நூறு நாள் வேலையில் செல்போன் வழியாக வருகைப் பதிவு என்று கொண்டுவந்து 2023 ஜனவரி முதல் கட்டாயமாக்கினார்களே, அது என்ன? வேலைக்கு வந்த பெண்களைக் காலையில் ஒரு தடவை, பிற்பகலில் ஒரு தடவை நிறுத்தி வைத்துப் படம் பிடித்தார்கள். செய்த வேலையை முடித்து விட்டாலும் இரண்டாவது படத்துக்காக வெயிலில் காத்திருக்க வேண்டும். டவர் கிடைக்காவிட்டால் படம் ஏறாது. படம் ஏறாவிட்டால் கூலி இல்லை. மண் வெட்டியது பொய்யாகி விட்டது, படம்தான் மெய்யாயிற்று! கள்ளக் கணக்கு ஒழிந்ததா என்றால் அதுவும் இல்லை. சம்பந்தமில்லாத படங்களும், படத்தைப் படம் பிடித்த படங்களும் ஏற்றப்படுவதாக 2025 ஜூலையில் மத்திய சர்க்கார் இலாகாவே சுற்றறிக்கை விட்டது. திருடியவன் தப்பினான், உழைத்தவள் காத்திருந்தாள்.

கைரேகைச் சட்டத்தைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். குற்றப் பரம்பரை என்று முத்திரை குத்தி, ஜாதி முழுவதையும் ரேகை வைக்கச் சொல்லி, இரவில் ஸ்டேஷனில் வந்து படு என்றது வெள்ளைக்காரன் சர்க்கார். ரேகை வைக்க மாட்டோம் என்று நின்ற பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடந்தது. 16 பேர் மாண்டனர். பெரும் போராட்டத்துக்குப் பின் 1947-ல்தான் சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் ஒழிந்தது. குற்றம் செய்யாதவனையும் குற்றவாளிப் பட்டியலில் முன்கூட்டியே சேர்த்து வைப்பதுதான் அதன் தத்துவம். இன்று முகத்தை அடையாளம் காணும் கருவி வந்திருக்கிறது. 2021-ல் தமிழ்நாடு போலீசுக்கு அந்த ஏற்பாடு ஆரம்பித்து வைக்கப்பட்டது. சந்தேகப்பட்டவனை நிறுத்திச் செல்போனில் முகத்தைப் பிடித்துப் பட்டியலோடு ஒப்பிடுகிறார்கள். யாரைச் சந்தேகப்படுவார்கள்? கார்க்காரரையா? இராத்திரியில் வேலை முடிந்து கைலியோடு நடந்து வருபவனையும், வட மாநிலத்திலிருந்து பிழைக்க வந்த கூலியையுந்தான். முகம் எண்பது சதவீதம் ஒத்துப்போனால் ஒப்பிட்டது சரி என்று எடுத்துக்கொள்வதாக டில்லிப் போலீஸ் 2022-ல் தகவல் உரிமைச் சட்டப்படி பதில் கொடுத்தது. மீதி இருபது சதவீதத்தில் அகப்பட்டவன் கதி? நமது மாநிலத்து முக அடையாள இணையதளமே 2024 மே மாதத்தில் திருட்டுத்தனமாகப் புகுந்தவர்களிடம் சிக்கியது. பூட்டையே பறிகொடுத்தவர்களிடம் நமது முகங்கள் இருக்கின்றன.

சட்டம் என்ன சொல்கிறது? அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டு 24 அன்று சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள் ஏகமனதாகத் தீர்ப்பளித்தனர். பிறகு 2023-ல் பார்லிமெண்டு நிறைவேற்றிய தகவல் பாதுகாப்புச் சட்டமோ, சர்க்கார் இலாகாக்களுக்கு விலக்களிக்க மத்திய சர்க்காருக்கே அதிகாரம் கொடுத்து விட்டது. போதாதற்கு, அதே சட்டத்தின் மூலம் தகவல் உரிமைச் சட்டத்தின் எட்டாவது பிரிவையும் குறுக்கினார்கள். 2025 நவம்பரில் அது அமலுக்கும் வந்தது. ஆனாலும் கதவு முழுதும் அடைபடவில்லை. பத்து ரூபாய் கட்டி மனுப் போடலாம். முப்பது நாளில் பதில் சொல்லியாக வேண்டும். எத்தனை காமிரா, செலவு எவ்வளவு, பதிவு எத்தனை நாள் காக்கப்படுகிறது, பார்க்க அதிகாரமுள்ளவர் எந்தப் பதவியிலிருப்பவர், நமது ஸ்டேஷனில் சுப்ரீம் கோர்ட் உத்தரவுப்படி காமிரா ஓடுகிறதா – இவை யாருடைய அந்தரங்கமும் அல்ல. மாணவர்கள் மனுவை முதல் நாளே போட்டு விட வேண்டும். பதில் வந்தால் அதைப் படத்தில் காட்டலாம். பதில் வராவிட்டால், வராததையும் காட்டலாம்.

லண்டனில் மானு லுக்ஷ் என்ற பெண் டைரக்டர் செய்ததையும் அவர்களுக்குச் சொன்னோம். என்னைப் பதிவு செய்த படத்தை எனக்குக் கொடு என்று அங்குள்ள சட்டப்படி காமிராக்காரர்களிடம் கேட்டு வாங்கி, அந்தத் துண்டுகளைக் கொண்டே 2007-ல் ஒரு முழுப் படம் முடித்தார். மற்றவர்களின் முகத்தை மறைத்துத்தான் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். ஆகவே படத்துக்கு “முகமற்றவர்கள்” என்ற கருத்தில் பெயர் வைத்தார். மாணவர்களும் தங்கள் காலேஜ் வாசல் காமிராவிலிருந்து தங்கள் படத்தைக் கேட்டுப் பார்க்கட்டும். கேட்கும் இடத்தில் எத்தனை மேஜை ஏறி இறங்கினார்கள் என்பதே நல்ல காட்சியாகும்.

சில எச்சரிக்கைகளும் உண்டு. துறைமுகம், மணலி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை, எண்ணூர் மின் நிலையம் போன்ற இடங்களின் வாசலில் அனுமதியின்றிக் காமிராவைத் தூக்க வேண்டாம். வீண் வழக்கு வரும், படமும் நின்று போகும். போலீஸ் ஸ்டேஷன் ரகசியச் சட்டத்தின்படி தடை செய்யப்பட்ட இடமல்ல என்று 2022-ல் பம்பாய் ஹைகோர்ட்டின் நாக்பூர் கிளை தீர்ப்பளித்திருக்கிறது. அதன் நகலைப் பையில் வைத்திருப்பது நல்லது. முடித்த படத்தைக் காட்டுவதிலும் தடங்கல் வரலாம். ஏழை நகரத்தையும் பணக்கார நகரத்தையும் பக்கத்தில் வைத்துக் காட்டிய தமது சிறு டாக்குமெண்டரிக்காக கே.ஏ. அப்பாஸ் 1970 வரை சுப்ரீம் கோர்ட்டில் வழக்காட வேண்டியிருந்தது. மலக்குழியில் இறங்கும் தொழிலாளரைப் பற்றித் திவ்யபாரதி 2017-ல் எடுத்த “கக்கூஸ்” படத்தைத் திரையிட விடாமல் போலீஸ் தடுத்தது. அவர்மீது வழக்குகள் பாய்ந்தன. இணையத்தில் வெளியிட்டார், லட்சக்கணக்கானோர் பார்த்தனர்.

மற்றொரு எச்சரிக்கை மாணவர்களுக்கு அல்ல, அவர்கள் கையிலுள்ள காமிராவுக்கு. அதுவும் ஒரு கண்தானே! தூங்குகிற லாரி டிரைவரை, குடிதண்ணீர்க் குழாயடியில் நிற்கும் பெண்களைக் கேட்காமல் படம் பிடித்து விட்டு, கேட்காமல் படம் பிடிப்பது தவறு என்று படம் போட முடியாது. பேசிய தொழிலாளிக்கு எடுத்ததைப் போட்டுக் காட்டி, அவர் வேண்டாமென்று சொன்ன துண்டை எடுத்துவிட வேண்டும். ஒரு நிமிஷப் பேச்சுக்காக ஒருவன் வேலை போனால் அந்தப் படம் நமக்கு வேண்டாம். இதை அவர்களிடம் கண்டிப்பாகச் சொன்னோம், ஒப்புக்கொண்டனர்.

மாதவரம், மணலி, திருவொற்றியூர், எண்ணூர் வட்டாரத்துத் தோழர்களைக் கேட்டுக்கொள்கிறோம். மாணவர்கள் வரும் ஞாயிற்றுக்கிழமை காலை 8 மணிக்கு மூலக்கடைச் சந்திப்பிலிருந்து காமிராக் கணக்கெடுக்கப் புறப்படுகிறார்கள். தெருத் தெரிந்தவர்கள் இரண்டு பேராவது கூடப் போக வேண்டும். ஆலைக் காமிராவைக் காட்டி “மெமோ” கொடுக்கப்பட்டவர்கள் அந்தக் காகிதத்தைக் கொண்டு வந்து காட்டலாம், பெயரை மறைத்துக்கொள்வார்கள். இரவு ஷிப்ட் பெண் தொழிலாளர் பேச விரும்பினால் மாணவிகள் இருவர் தனியே வருவார்கள். முகம் காட்ட விருப்பமில்லாதவர்கள் முதுகைக் காட்டிப் பேசலாம். படம் முடிந்ததும் முதல் காட்சி நமது யூனியன் ஆபீஸ் பின்சுவரில், வெள்ளை அடித்து வைக்கிறோம்.